இருபது கையெழுத்து வாங்கிய பிள்ளைக்கு 100/80 ஏன் தெரியவில்லை?

வாவிக்கரை · ஞாயிறு, இரவு 9.12

போன மாரியில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். மட்டக்களப்பில் மழை பிடித்துவிட்டால் தை, மாசி வரைக்கும் டெங்கு வாட்டில் கட்டில் காலியாகாது. அப்படி ஒருநாள் மூன்றாம் வருடத் தாதிய மாணவி ஒருத்தி, பதினாறு வயதுப் பொடியன் ஒருவனுக்குப் பிறஷர் எடுத்தாள். அவனுக்குக் காய்ச்சல் விட்டு அரை நாள் ஆகியிருந்தது. பட்டியைச் சரியான இடத்தில் கட்டினாள். கையை நெஞ்சு மட்டத்தில் வைத்தாள். குழாயை அளவாகப் பிடித்தாள். சாட்டில் அச்சடித்த மாதிரி 100/80 என்று எழுதிவிட்டு, "நோர்மல் மிஸ்" என்றபடி அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

டெங்கு வாட்டில் வேலை செய்தவர்களுக்கு இதை வாசிக்கும்போதே வயிறு கலங்கும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையில் 20தான் இருக்கிறது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கினால் மேல் எண் உடனே விழாது, கீழ் எண்தான் மெல்ல ஏறும். இடைவெளி 20க்கோ அதற்குக் கீழோ வந்தால் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது. பொடியனின் கை குளிர்ந்து கிடந்தது. அந்தக் கையைத் தொட்டுத்தான் அவள் பட்டி கட்டினாள்! நல்லவேளை, நான் பின்னால் நின்றேன். பொடியன் சுகமாக வீட்டுக்குப் போனான்.

அன்று பின்னேரம் அவளுடைய லொக் புக்கை வாங்கிப் புரட்டினேன். இரத்த அழுத்தம் அளத்தல், 20 தடவை, 20 கையெழுத்து. அதில் ஆறு என்னுடையவை. எழுத்துப் பரீட்சையிலும் இந்த இடைவெளியைப் பற்றிய கேள்விக்குச் சரியாகத்தான் எழுதியிருந்தாள். ஆக, எங்கள் கையில் உள்ள தாள்களின்படி அவள் கற்றுவிட்டாள்.

பாடத்திட்டத்தில் கற்றற்பேறு என்று என்ன எழுதியிருக்கிறோம்? அளப்பார், பதிவார், பொருளை விளங்கி உரியவரிடம் அறிவிப்பார். முதல் இரண்டுக்கும் புள்ளி போடுகிறோம். மூன்றாவதுக்கு எங்கே போடுகிறோம்?

எந்த இடம் என்று கேட்க வேண்டாம். பட்டப்படிப்போ டிப்ளோமாவோ, இரண்டு பக்கமும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

இரவுப்பணி · ஞாயிறு, இரவு 11.40

வாவிக்கரை அக்கா, மறைக்காமல் சொல்கிறேன். அம்பாறை மாவட்டத்தில் ஒரு வாட்டுக்குச் சிஸ்டராக இருக்கிறேன். காலை ஷிப்ட் முடிய கால் மணி நேரம் இருக்கும்போது பிள்ளைகள் லொக் புக்கோடு வரிசையில் வந்து நிற்பார்கள். ஒரு பக்கம் டொக்டர் ரவுண்டில் சொன்ன மாற்றங்கள், இன்னொரு பக்கம் மருந்துக் கணக்கு, நடுவில் இந்த வரிசை. நான் கண்ணால் கண்டதற்கும் போடுகிறேன், காணாததற்கும் போடுகிறேன். போடாவிட்டால் பிள்ளை பரீட்சைக்கு இருக்க ஏலாது. அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

என் கையெழுத்துக்கு அர்த்தம், "இந்தப் பிள்ளை இன்றைக்கு இங்கே வந்து நின்றது" என்பதுதான். அதற்கு மேல் நீங்கள் எதையும் வாசித்தால் அது உங்கள் பிழை.

மட்டறுத்துநர் · திங்கள், காலை 6.05

நல்ல இழை. நோயாளிகளையோ நிறுவனங்களையோ அடையாளம் காட்டும் விவரம் வேண்டாம். இதுவரைக்கும் பரவாயில்லை.

புள்ளிக்கணக்கு · திங்கள், காலை 8.30

நான் தாதியத் துறை இல்லை, பரீட்சை வேலை பார்ப்பவன். ஆனால் இந்த நோய் எனக்குப் பழக்கம்.

ஜோர்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990இல் ஒரு கூம்பு வரைந்தார். அடியில் 'அறிவார்', அதற்கு மேலே 'எப்படி என்று அறிவார்', அதற்கும் மேலே 'செய்து காட்டுவார்', உச்சியில் 'செய்வார்'. உங்கள் எழுத்துப் பரீட்சை அடி இரண்டு தட்டுகளைத் தொடுகிறது. செய்முறைப் பரீட்சை மூன்றாவதைத் தொடுகிறது. அந்த மாணவி விழுந்தது நான்காவதில். அங்கே உங்களிடம் இருப்பது லொக் புக் மட்டும். அது என்ன லட்சணம் என்று சிஸ்டரே சொல்லிவிட்டார்.

பாடசாலை ஆசிரியர்களுக்கான கைந்நூல்களில் கணிப்பீடு வேறு, மதிப்பீடு வேறு என்று பிரித்துச் சொல்வார்கள். படிக்கும்போதே எங்கே நிற்கிறாய் என்று பார்ப்பது கணிப்பீடு. முடிவில் தீர்ப்புச் சொல்வது மதிப்பீடு. நீங்கள் கணிப்பீடு செய்ய வேண்டிய புத்தகத்தை மதிப்பீட்டுக்கான நுழைவுச் சீட்டாக மாற்றிவிட்டீர்கள். சீட்டு என்று ஆனபின் யாரும் அதில் உண்மை எழுத மாட்டார்கள்.

தாளிலும் ஓட்டை உண்டு. ஒருமுறை மருந்துக் கணக்குக் கேள்வி ஒன்றின் புள்ளித்திட்டத்தைப் பார்த்துத் திகைத்துப் போனேன். மில்லிலீட்டருக்கு 100 அலகு உள்ள இன்சுலின், கொடுக்க வேண்டியது 8 அலகு, எத்தனை மில்லிலீட்டர்? சூத்திரத்துக்கு 2, பிரதியீட்டுக்கு 2, விடைக்கு 1. சரியான விடை 0.08. ஒரு பிள்ளை தசமப் புள்ளியைத் தவற விட்டு 0.8 என்று எழுதியிருந்தது. ஐந்துக்கு நான்கு, 80 வீதம், விசேட சித்தி. நோயாளிக்குப் போயிருப்பதோ 80 அலகு. கணித வாத்தியாருக்கு அது சின்னப் பிழை. உங்கள் துறையில் அந்த ஒரு புள்ளிதானே முழுக் கேள்வியும்?

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் என்றால் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஆறாம் மட்டம், 120 கிரடிட். ஒரு கிரடிட்டுக்கு 50 மணித்தியாலம். மொத்தம் 6000. எல்லோரும் இந்த 6000ஐ மணிக்கூடு வைத்து எண்ணுகிறார்கள். ஏனென்றால் எண்ணுவதற்கு லேசானது அதுதான்.

மூன்றாம்வருடம் · திங்கள், பின்னேரம் 4.50

மிஸ், நான் மாணவி. அந்தப் பிள்ளை நான் இல்லை. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம்.

எங்களுக்கும் ஒஸ்கி (OSCE) என்ற செய்முறைப் பரீட்சை நடக்கும். ஒரு மேசைக்கு ஐந்து நிமிடம், மணி அடித்தால் அடுத்த மேசை. அங்கே தண்ணீர்க் குழாய் இல்லை. "கை கழுவுகிறேன் மிஸ்" என்று வாயால் சொன்னால் புள்ளி விழும். தேய்க்கும் திரவம் என்றால் 20 தொடக்கம் 30 விநாடி, சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 தொடக்கம் 60 விநாடி என்று ஒப்புவிப்போம். ஒப்புவிப்பதற்கு மூன்று விநாடி போதும். அப்புறம் வாட்டில் கழுவாமல் போனால் ஏசுகிறீர்கள். பரீட்சையில் பழகியதைத்தானே அங்கேயும் செய்கிறோம்!

படிமுறைப் பட்டியலை விடுதியில் ஆளுக்காள் சொல்லிப் பாடமாக்குவோம். இந்த மிஸ் என்றால் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், அந்த சேர் என்றால் முதலில் கட்டில் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். யார் எந்த மேசையில் இருக்கிறார்கள் என்று முந்தின அணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உள்ளே போவோம்.

"நோர்மல் மிஸ்" என்று அவள் ஏன் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். இரண்டாம் வருடத்தில் ஒரு அம்மாவுக்கு நாடி 120 என்று போய்ச் சொன்னேன். "திரும்ப எடு" என்றார்கள். எடுத்தேன், 118. "உனக்கு எண்ணத் தெரியாது, போ" என்றார்கள், எல்லா நோயாளிகளுக்கும் முன்னால். பிறகு ஒரு நேர்ஸ் போய் எடுத்தார், 116 என்று எழுதினார். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் கற்றது என்ன தெரியுமா? வழக்கத்துக்கு மாறாக ஒன்றைச் சொன்னால் வேலை கூடும், ஏச்சும் விழும். நோர்மல் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் வாய் வராமல் இருந்திருக்கலாம். உங்கள் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே கையெழுத்துத்தான்.

இரவுப்பணி · திங்கள், இரவு 10.15

பிள்ளை, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நானும் அப்படி ஏசியிருக்கிறேன்.

ஓய்வூதியம் · செவ்வாய், காலை 5.20

எனக்கு நித்திரை குறைவு, அதனால் விடியவே எழுதுகிறேன். அக்கரைப்பற்றுப் பக்கம். நேர்ஸாகவும் பிறகு போதனாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவள்.

எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு. வெட்டுத் தொடங்கினால் பாம்புக்கடியும் வரும். புடையன் கடித்தால் இரத்தம் உறையாது. அதைக் கட்டிலருகிலேயே அறிய ஒரு சோதனை உண்டு. இரண்டு மில்லிலீட்டர் இரத்தத்தைக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, ஒரேயொரு தரம் சரித்துப் பார்ப்பது. தண்ணீர் மாதிரி ஓடினால் உறையவில்லை.

என் மாணவன் ஒருவன் இதை என் கண் முன்னாலே செய்தான். நேரம் பார்த்தான், ஆட்டவில்லை, ஒரு தரம்தான் சரித்தான். இரத்தம் ஓடியது. படிமுறைப் பட்டியலில் பத்துக்குப் பத்து. ஆனால் அவன் எடுத்தது பிளாஸ்டிக் குழாய். கண்ணாடியில் பட்டால்தான் இரத்தம் உறையத் தூண்டப்படும், பிளாஸ்டிக்கில் நல்ல இரத்தமும் உறையாமல் கிடக்கும். அந்த விடையை நம்பி விஷமுறிவு மருந்து ஏற்றியிருந்தால், தேவையில்லாத ஒரு ஆளுக்கு ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் திரும்பச் செய்தோம், உறைந்தது.

பிழை யாருடையது? பட்டியலை எழுதியவள் நான். 'குழாயில் விடுக' என்று எழுதியிருந்தேன். எனக்குக் கண்ணாடி என்பது சொல்லத் தேவையில்லாத விஷயம், நாங்கள் படித்த காலத்தில் வேறு குழாயே கிடையாது! அதற்குப் பிறகு எந்தச் செய்முறைக்கும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன்: இதில் எது பிழைத்தால் விடை பொய்யாகும்? பட்டியலைப் பாடமாக்கிய பிள்ளை முழிக்கும். விளங்கிச் செய்த பிள்ளை பட்டென்று சொல்லும்.

என்னைப் பழக்கிய சிஸ்டர் புத்தகமே பார்க்க மாட்டார். ஷிப்ட் மாறும்போது, "ஏழாம் கட்டிலைப் பற்றிச் சொல்லு மகள்" என்பார், அவ்வளவுதான். சாட்டைப் பார்க்க விடமாட்டார். நாலு வசனத்தில் நான் யார், எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

புள்ளிக்கணக்கு · செவ்வாய், காலை 9.00

அம்மா, குழாய்க் கதை பிரமாதம். ஆனால் "நாலு வசனத்தில் தெரிந்துவிடும்" என்பதில்தான் எனக்குப் பயம். அந்தச் சிஸ்டருக்குப் பிடிக்காத பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும்? 1975இல் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் ஒஸ்கியைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். அதற்கு முன்னால் ஒரு நோயாளி, ஒரு பரீட்சகர், அன்றைய அதிர்ஷ்டம் என்று இருந்தது. எல்லோருக்கும் ஒரே மேசைகள், ஒரே பட்டியல், பல பரீட்சகர்கள் என்று ஆனபின்தான் ஓரளவு நியாயம் வந்தது.

ஓய்வூதியம் · செவ்வாய், காலை 9.25

நியாயம் வந்தது, தம்பி. குழாய் பிளாஸ்டிக்காகவே இருந்தது.

புள்ளிக்கணக்கு · செவ்வாய், பகல் 1.10

சரி, தோற்றேன். பாதி மட்டும்.

உங்கள் பக்கத்துக்கு ஆதாரமும் உண்டு, சொல்லாமல் விட்டால் அநியாயம். நீண்ட அனுபவம் உள்ள மருத்துவர்களை ஒஸ்கியில் உட்கார வைத்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது. படிமுறைப் பட்டியலில் அவர்கள் இளையவர்களைவிட நல்ல புள்ளி எடுக்கவில்லை. அனுபவசாலி எல்லாப் படியிலும் கால் வைக்க மாட்டார், நேரே விஷயத்துக்குப் போவார். பட்டியலோடு பரீட்சகரின் ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கும் புள்ளி வைப்பது அதனால்தான் நல்லது என்கிறார்கள். அபிப்பிராயம் ஒருவருடையதாக இருக்கக்கூடாது, பலமுறை பலரிடம் வாங்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. ஒரு மேசைக்கு இரண்டு பேரைப் போடுவதைவிட, மேசையைக் கூட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைப் போடுவது நம்பகமானது.

வாட்டுக்கே பொருந்தும் வழியும் உண்டு. 1995இல் ஜோன் நோர்சினி என்பவரும் அவருடைய குழுவும் அமெரிக்காவில் பரீட்சித்துப் பார்த்தது. உண்மையான நோயாளியோடு மாணவர் வேலை செய்வதை ஒருவர் 15, 20 நிமிடம் பக்கத்தில் நின்று பார்ப்பார். முடிந்ததும் அங்கேயே ஐந்து நிமிடம், எது நன்று, எது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்வார். இதை வருடத்தில் பல தடவை, வேறு வேறு ஆட்கள் செய்ய வேண்டும். இருபது கையெழுத்துக்குப் பதில் இப்படி ஆறு எழுதினால் போதும் என்பேன்.

எழுத்துத் தாளை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பரீட்சை முடிந்ததும் ஒருதரம் திரும்பிப் பாருங்கள். வகுப்பில் 60 பேர் என்றால் மொத்தப் புள்ளியில் மேலே நிற்கும் 27 வீதம், அதாவது 16 பேர். கீழேயும் 16 பேர். ஒரு கேள்விக்கு மேலே 12 பேரும் கீழே 13 பேரும் சரியாக எழுதியிருந்தால் அந்தக் கேள்வியைக் கிழித்துப் போடுங்கள். விளங்கிய பிள்ளையைக் குழப்பி, ஊகித்த பிள்ளைக்குப் புள்ளி கொடுத்திருக்கிறது.

கல்லடிக்காற்று · செவ்வாய், இரவு 8.45

உங்கள் துறைப் பேச்சில் வெளியாள் நுழைகிறேன். அம்மா போன வருடம் இருதய வருத்தத்தோடு வாட்டில் கிடந்தார். ஆட்கள் வருவதும் போவதும் எழுதுவதுமாக இருந்தார்கள். மாணவப் பிள்ளை ஒன்று வந்தது, வெள்ளைச் சட்டை கசங்கிப் போய். "அம்மா, காலையிலருந்து சலம் போனீங்களா?" என்று கேட்டது. அம்மா வெட்கத்தில் ஓம் என்றுவிட்டார். பிள்ளை போகவில்லை. கட்டிலுக்குக் கீழே குனிந்து பாத்திரத்தைப் பார்த்தது, காய்ந்து கிடந்தது. "இல்லயே அம்மா" என்று சிரித்துவிட்டு, போய் யாரையோ கூட்டி வந்தது. அதற்குப் பிறகுதான் ஊசி மாற்றினார்கள்.

இதற்கு உங்கள் புத்தகத்தில் எந்தப் பக்கம்?

மூன்றாம்வருடம் · செவ்வாய், இரவு 9.30

பக்கம் இல்லை அண்ணா. 'உள்ளெடுப்பு, வெளியேற்றப் பதிவு' என்று ஒன்று உண்டு. அதில் எண்ணை எழுதினால் சரி.

மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் எழுதுகிறோம். நோயாளி வந்து "நெஞ்சுக்குள்ள முட்டுது" என்பார். ஒருவருக்கு அது மூச்செடுக்க ஏலாமை, இன்னொருவருக்கு வாயு. அம்பாறையில் பக்கத்துக் கட்டிலில் சிங்களம் மட்டும் தெரிந்த அப்பச்சி இருப்பார். எந்த ஒஸ்கி மேசையிலும் எனக்கு இப்படி ஒரு ஆள் வந்ததில்லை. வந்த எல்லா நோயாளிகளும் எங்கள் கனிஷ்ட மாணவிகள்தான். கேட்காமலே பாடத்தில் உள்ளபடி அறிகுறி சொல்வார்கள்.

வாவிக்கரை · மூன்று கிழமை கழித்து, சனி, இரவு 9.50

தாமதத்துக்கு மன்னியுங்கள், செய்து பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்தேன்.

எனக்குத் தரப்பட்ட சின்னக் குழுவில் ஒன்றை மாற்றினேன். பிறஷரோ நாடியோ எடுத்து எழுதியதும் சாட்டை நான் மூடிவிடுவேன். "இந்த ஆளைப் பற்றி இப்போது உனக்கு என்ன பயம்?" என்று கேட்பேன். பயம் இல்லை என்றால் ஏன் இல்லை. பயம் இருந்தால் யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வாய். மூன்றே கேள்வி. லொக் புக்கில் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கீறி, அவர்கள் சொன்னதை நானே என் கையால் ஒரு வரி எழுதுகிறேன்.

முதல் கிழமை பாதிக்கும் மேற்பட்டவர்கள் "பயமில்லை மிஸ்" என்றுதான் சொன்னார்கள். ஏன் இல்லை என்றதும் தடுமாறினார்கள். மூன்றாம் கிழமையில் ஒருத்தி, நான் கேட்க முன்னாலேயே, "மிஸ், எண் சரியாத்தான் இருக்கு, ஆனா இவர் காலையில கதைச்ச மாதிரி இப்ப கதைக்கல்ல" என்றாள். அதற்கு எவ்வளவு புள்ளி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாம்வருடம் சொன்னது என்னை உறுத்தியதால் 100/80 பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். இடைவெளி 20 என்பதை அன்றைக்கே பார்த்தாளாம். எழுதும்போது ஏதோ இடித்ததாம். "நீங்க பின்னால நிண்டீங்கதானே, பிழையெண்டா சொல்லுவீங்க எண்டு நினைச்சேன்" என்றாள்.

அதாவது நான் நின்றதாலேயே அவள் யோசிக்கவில்லை. இத்தனை வருடமும் பின்னால் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவுப்பணி · சனி, இரவு 10.30

கட்டம் கீறியது நல்லது அக்கா. ஆனால் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த தொகுதி முந்தின தொகுதியைப் பார்த்து, "நோயாளி வழமைபோல் கதைக்கவில்லை" என்று இருபது தடவை எழுதும். நானும் இருபது கையெழுத்துப் போடுவேன்.

ஓய்வூதியம் · ஞாயிறு, காலை 5.05

அதுதான், எழுதுவது சிஸ்டரின் கையாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, ஒரு கட்டில். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் போடத் தேவையில்லை.

மூன்றாம்வருடம் · ஞாயிறு, பகல் 12.15

எங்கள் வாட்டில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. கேட்டாலும், நான் பயம் என்று சொல்லி, போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று வந்தால்? பழையபடி எல்லோருக்கும் முன்னால்தானே நிற்க வேண்டும்?

இரவுப்பணி · ஞாயிறு, பகல் 12.40

எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதாதே மகள், தனிமடலில் சொல்லு. என் வாட்டாக இருந்தால் செவ்வாய் இரவு நான்தான் டியூட்டி. லொக் புக்கை விடுதியில் வைத்துவிட்டு வா. ஏழாம் கட்டிலைப் பற்றிக் கேட்பேன். ஒன்றுமில்லை என்று வந்தால், கூட்டிப்போய்ப் பார்த்தது நான் என்று டொக்டரிடம் நானே சொல்கிறேன்.